எண்பதில் ஓடிய கம்ப்யூட்டர்

என் ஆபீஸில் ஏசி எனக்காக ஓடவில்லை. கண்ணாடி அறைக்குள் வரிசையாக நிற்கும் சர்வர்களுக்காக ஓடுகிறது. அதில் மிச்சம் மீதிதான் எங்கள் பக்கம் வரும். அது கெட்டுப்போனால் அரை மணி நேரத்தில் ஆள் பதறி அடித்துக்கொண்டு வருகிறான். "எங்களுக்கும் புழுங்குது தம்பி" என்றால் நான் ஏதோ ஜோக் அடித்தது போலச் சிரிக்கிறான். அவன் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. இருந்த ஒரே டேபிள் ஃபேனை மனுசிக்கு வைக்காமல் கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

அது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. ராஜபாளையத்தில் எங்கள் வீடு. அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் அம்மாவின் தம்பியும் தங்கையும் எங்களோடு வந்துவிட்டார்கள். மாமாவுக்கு ஒரு நூற்பாலையில் வேலை. அப்பா வேலை பார்த்தது வேறொரு மில். அது கொஞ்ச நாள் ஓடியது, கொஞ்ச நாள் நின்றது, கடைசியில் "சொல்லி அனுப்புறோம்" என்று கேட்டைச் சாத்தினார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

சித்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். அங்கே இருந்த ஒரு கடையிலேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டு முன்னறையில் போட்டு, டிடிபி வேலை ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் பொங்கல் நோட்டீஸ் எல்லாவற்றையும் தமிழில் அடித்து, பார்டர் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். அது அச்சாபீசுக்குப் போகும். அப்பாவின் மில் நின்ற பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் சித்தியின் விரல்களால்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு ஒரு மரியாதை செய்யவேண்டி வரும் அல்லவா?

எங்கள் பக்கத்துப் பொங்கல் நோட்டீஸ் என்றால் சாமிக்கு நாலு வரி, மீதி முழுக்க ஆட்கள் பெயர். யாருக்கு 'திரு', யாருக்கு 'உயர்திரு', எவர் பெயர் எவர் பெயருக்கு மேலே என்பதில் சின்னப் பிசகு வந்தாலும் ஊர் இரண்டாகிவிடும். அதனால் ஒரே நோட்டீஸைப் பத்துத் தடவை திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டர் திரையை வெளுத்துவிட்டு, நடுவில் ஒரு மணல் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சித்தி அதைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விடுவாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். கடிகாரம் அப்படியே நிற்கும்.

கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு எண் எரியும். 66. அதுதான் அதன் வேகம் என்று சித்தி சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் மாசியில் சித்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. பாத்திரக்கடைக்காரர் வீடு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை பால்கோவா டப்பாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார். அவர்கள் போன பிறகு சித்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அப்பா, "பங்குனிப் பொங்கல் சீசன் முடியட்டும், பேசிக்கிடலாம்" என்றார். பங்குனி முடிந்தது. "வைகாசி முகூர்த்தப் பத்திரிகையெல்லாம் வருமே, அது முடியட்டும்" என்றார். எங்கள் வீட்டில் சீசன் முடிவதே இல்லை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சித்தி பார்டர் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நேரிலேயே வந்தார். "ஆவணிக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருங்க. நாங்களும் எம்புட்டு நாளைக்குக் காத்துக்கிட்டே இருக்கது? இல்லாட்டி வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்கச் சித்தி கீபோர்டைத் தட் தட்டென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குத் தங்கை மேல் பிரியம் உண்டு. இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும். அவர்தான் வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் விற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரரிடம் எதற்கோ போனவர், உற்சாகமாகத் திரும்பி வந்தார்.

"மதர்போர்டுல ஒரு ஜம்பர மாத்துனா அறுபத்தாறு எண்பதா ஓடுமாம்ல! நாள் முழுக்கப் பாக்குற வேலைய மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். வேல முடிஞ்சிட்டா பொறவு என்ன, கல்யாணத்த வச்சிர வேண்டியதுதான்."

"சூடாகும்னு சொல்வாவளே அண்ணே" என்றாள் சித்தி.

"அதையும்தான் சொன்னான். சூடுதானே? அது நம்ம டிபார்ட்மெண்ட்டு!"

அவர் சொன்னது பொய்யில்லை. மில்லுக்குள் ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட் ஒன்று உண்டு. மாமா அதில்தான் ஃபிட்டர். காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தூவி, காற்றை நனைத்துக் குளிர வைத்து உள்ளே அனுப்புவார்கள். மாமாவுக்கு உலகத்தில் உள்ள கோளாறுகள் எல்லாம் ஒரே கோளாறுதான். ஈரம் பத்தவில்லை. அம்மாவுக்குத் தலைவலி என்றாலும் அதைத்தான் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். ஜம்பர் என்பது மிளகு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி. மதர்போர்டில் நட்டுக்கொண்டிருக்கும் கம்பிக் குச்சிகளின் தலையில் மாட்டுவது. எந்தக் குச்சியில் மாட்டுகிறோமோ அதற்கேற்ற வேகம். மாமா அம்மாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் அதைக் கழற்றி அடுத்த குச்சியில் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டோம். ஓடியது. ஆனால் முன்பக்கத்தில் 66 அப்படியே எரிந்தது.

"ஒண்ணும் மாறலையே" என்றார் அப்பா.

மாமா முகம் தொங்கிப் போயிற்று. மறுநாள் திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அங்கே விஷயம் தெரிந்தது. முன்னால் எரியும் எண்ணுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாதாம். அந்த எண்ணுக்கு என்று பின்னால் தனியாகக் குட்டிக் குட்டி ஜம்பர்கள் உண்டு, அதை எப்படி மாட்டுகிறோமோ அந்த எண் எரியும், அவ்வளவுதான். மாமா அதையும் மாற்றினார். சிவப்பாக 80 எரிந்தது. அம்மா ஓடிப்போய்க் குங்குமம் எடுத்துவந்து அந்த எண்ணுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். அப்பா, "ஆமா, இப்பப் பாரு, பறக்குது" என்றார். முந்தைய நாளும் அது அதே வேகத்தில்தான் பறந்திருக்கிறது. எண் மாறும்வரை வீட்டில் யாரும் நம்பவில்லை, நானும்தான்.

சித்தி அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். மணல் கடிகாரம் வந்த சுருக்கில் போனது. "ஏட்டி, மத்தியானம் உன்னக் கூட்டிக்கிட்டுப் போயி ஐஸ் வாங்கித் தாரேன், வேலதான் முடிஞ்சிருமே" என்றாள் என்னிடம். ஒரே ஒரு முறை வாங்கியும் தந்தாள்.

சூட்டுக்கு மாமா செய்த ஏற்பாட்டை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதலில் மில் பழைய இரும்பில் கிடந்த ஒரு அலுமினியக் கட்டியை எடுத்துவந்து, ரம்பத்தால் பள்ளம் பள்ளமாக அறுத்து, மதர்போர்டில் சூடாகும் சிப்பின் தலைமேல் உட்கார வைத்தார். மூடியைத் திரும்பப் போடவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரச்சட்டம். அதில் பேண்டேஜ் துணி. எங்கள் ஊர்ப்பக்கம் தறியில் ஓடுவதே பேண்டேஜ் துணிதான், டேமேஜ் சுருள் இல்லாத வீடு கிடையாது. சட்டத்துக்கு மேலே ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் தண்ணீரை ஊற்றி, சொட்டுச் சொட்டாகத் துணியில் இறங்கும்படி டியூபில் திருகு வைத்தார். ஃபேன் காற்று ஈரத்துணி வழியாகப் போய்க் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். பார்த்தால் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தது கம்ப்யூட்டர். பேண்டேஜும் கட்டி, டிரிப்பும் ஏற்றி, நெற்றியில் குங்குமமும் வைத்தாயிற்று.

பாட்டில் காலியானால் நிரப்புவது என் பொறுப்பு. அதைப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

வேலை சீக்கிரம் முடிந்ததா என்றால், முடிந்தது. ஒரு வாரம். அதற்குள் மாமா, "எண்பதுல ஓடுது, எங்க வேணாலும் ஆர்டர் பிடிக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து நேராக சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். மகாராஜபுரம் கோயில் கொடை நோட்டீஸ், கான்சாபுரம் காதுகுத்துப் பத்திரிகை, வன்னியம்பட்டியில் யாரோ வீட்டுத் திறப்பு விழா. "நாளைக்கே தந்திருவோம்" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வருவார். மத்தியானம் முடிய வேண்டிய வேலை சாயங்காலம் வரை நீண்டது, பிறகு விளக்கு வைத்த பிறகும் நீண்டது. கல்யாணத்துக்காக ஏற்றிய வேகம் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உதவியது. இப்போது என் ஆபீஸில் வேலையைச் சுலபமாக்க என்று எதையாவது புதிதாகக் கொண்டுவரும்போதெல்லாம் மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு போவதுதான் கண்ணில் தெரிகிறது. யாரிடம் சொல்ல?

சித்திரை வெயில். காற்றில் வரும் தூசி மெஷினுக்கு ஆகாது என்று ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டார் மாமா. ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். சித்தி ஒரு கையால் விசிறிக்கொண்டு ஒரு கையால் அடிப்பாள். இரண்டு கையும் தேவைப்படும்போது விசிறியை மடியில் போட்டுவிடுவாள். முதுகில் ஜாக்கெட் தெப்பமாக நனைந்திருக்கும். வேர்வை கீபோர்டில் சொட்டியபோது அம்மா உள்ளே இருந்து ஓடிவந்து, "ஏட்டி, பாத்துடி, மெஷினுல தண்ணி பட்டுரப் போகுது" என்று தன் முந்தானையால் கீபோர்டைத் துடைத்தாள். சித்தியின் முகத்தைச் சித்தியேதான் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுபோக ஆரம்பித்தது. பெயர்களை எல்லாம் அடித்து முடிக்கும் நேரத்தில் திரை உறைந்துவிடும். திரும்ப முதலில் இருந்து. நூல் அறுவதும் கம்ப்யூட்டர் நிற்பதும் மாமாவுக்கு ஒன்றுதான். "ஈரம் பத்தல" என்பார். பாட்டில் திருகைக் கொஞ்சம் தளர்த்துவார். மறுபடி நின்றால் துணியை இரண்டு மடிப்பாக்குவார். மறுபடி நின்றால் இன்னொரு பாட்டில். மேசைக்கு அடியில் ஈயச்சட்டி ஒன்று வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்தோம்.

வைகாசி முடியப் போகிற ஒரு மத்தியானம், கருகின நாற்றம் வந்து, மொத்தமாக நின்றுபோனது.

அப்பா கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் அதன் தலையில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல. மாமா மில்லில் இருந்தார். சித்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனியும் ஆடியும் போனால் ஆவணி, கையில் இவ்வளவு ஆர்டர், மெஷினும் போயாயிற்று. "இனி ஆவணியாவது ஒண்ணாவது" என்று அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் மறுநாள் பஸ் ஏறி வந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், கையில் ஒரு மஞ்சள் பை. பாட்டில், துணி, சட்டி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தவர், "என்னம்மா இது, உள்ள நாத்துப் பாவியிருக்கீங்களா?" என்றார். பேண்டேஜ் துணியில் இருந்து பறந்த பஞ்சு ஈரத்தோடு போய் அந்த அலுமினியக் கட்டியின் பள்ளங்களில் படிந்து, திட்டுத் திட்டாக மெத்தை போல அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போக வழியே இல்லை. போர்டில் அங்கங்கே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. நாங்கள் குளிர வைக்கக் குளிர வைக்க அது உள்ளே வெந்திருக்கிறது.

போர்டைக் கழற்றி பிரஷ்ஷால் துலக்கி, மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்ட துணியின் ஓரத்தில் வைத்துச் செத்த நேரம் காயவிட்டார். கருகியிருந்த ஒன்றிரண்டு பாகங்களை மாற்றினார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். திரும்ப எல்லாவற்றையும் பூட்டும்போது முன்னறையில் சித்தியும் நானும்தான் இருந்தோம்.

"இத எண்பதுல ஓட்டுனா ஒரு மாசம் தாங்காதும்மா. பழையபடி அறுபத்தாறுக்கே மாத்திட்டேன். இனி ஃபேனும் வேண்டாம், டிரிப்பும் வேண்டாம், மூடியப் போட்டு வச்சாப் போதும்" என்றார். பிறகு முன்பக்கத்தைத் தொட்டு, "நம்பரையும் மாத்திரட்டா?" என்று கேட்டார்.

சித்தி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நம்பர் இருக்கட்டும்ணே" என்றாள்.

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். சிரித்தாரா என்று நினைவில்லை. மூடியைப் பூட்டினார்.

மாமா வந்து ஸ்விட்சைப் போட்டார். 80 எரிந்தது. "பாத்தியா, ராசாத்தி, ஒண்ணும் ஆகல" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார். ஃபேனையும் பாட்டிலையும் பழைய இடத்தில் வைக்கப் போனவரிடம், துணியும் பாட்டிலும் கூடாதாம் என்றாள் சித்தி. ஃபேன் மட்டும் அதன் பக்கம் திரும்பியபடி இருந்தது.

அதன் பிறகு வேலை நகரவே இல்லை. மணல் கடிகாரம் பழையபடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மாமா வாக்குக் கொடுத்த ஆட்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். மாமா பின்னால் நின்று எண்ணைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார். "எண்பதுலயே இம்புட்டுதானா?" என்பார்.

"அதால அம்புட்டுத்தான்ணே முடியும்" என்பாள் சித்தி. குரலை உயர்த்த மாட்டாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எதிர்த்துப் பேச அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எண் அங்கே எரிந்துகொண்டிருக்கிறதே.

ஆர்டர்கள் மெல்ல வேறு கடைகளுக்குப் போயின. மாமா சைக்கிளில் கிளம்புவதை நிறுத்தினார். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா, "மெஷினே களைச்சுப் போச்சு, பாவம். அதுக்கு மேல அத என்ன செய்யச் சொல்ல" என்றார். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிருவோம், ஆவணியிலயே வச்சிரலாம்னு" என்றார். சித்தி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஊற்றிவிட்டு மாமாவின் தட்டுக்கு நகர்ந்தாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நாள் காத்திருந்த விஷயம், ஒரு சிரிப்புக்கூடக் கிடையாதா?

ஆடியில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் இருந்து சாப்பிட வந்தபோது முன்னறையில் ஃபேன் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சித்தியின் பக்கம். சித்தி மேசையில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முன்நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எண்ணைப் பார்த்தேன். 80. கம்ப்யூட்டரின் தலையைத் தொட்டேன். சுடவில்லை.

"சித்தி! ஃபேன் இல்லாமலே எண்பதுல ஓடுது!"

அவள் பாதிக் கண்ணைத் திறந்தாள். "அதுக்கு வேர்க்கலையாம்டி. எனக்குத்தான் வேர்த்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா வைத்த குங்குமம்தான் வேலை செய்கிறது என்று நான் முடிவு செய்தேன்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. மாமாவே எல்லா வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சித்தியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து சித்தியின் தலையில் பூவைச் சரிசெய்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"ஏன் பிள்ள, உங்க சித்தி கம்ப்யூட்டர்ல ரொம்ப வெரசா வேல பாப்பாளாமே?"

"எண்பது!" என்றேன். "ஊர்லயே எங்க சித்திதான் எண்பது!"

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்பிடியா! எங்க கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடணும்னு எங்க வீட்டுக்காரரும் சொல்லிக்கிட்டே இருக்காவ. எங்க மூணு கடைக் கணக்கையும் இவகிட்டயே விட்டுரலாம் போலயே."

மாலைக்கு அடியில் சித்தியின் கை என் கையைப் பிடித்தது. நல்ல இறுக்கம். வளையல் எல்லாம் குத்தியது.

"அறுபத்தாறுதான் அத்த" என்றாள் சித்தி, சிரித்த முகமாக. "சின்னப்பிள்ள, தெரியாமச் சொல்லுதா. அதுக்கு மேல ஓடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் என் கண்ணால் பார்த்தது. தினமும் பார்த்தது. "இல்ல, எண்பதுதான், எண்பதுதான்!" என்று கத்தினேன். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இலையில் வைத்த எதையும் நான் தொடவில்லை. ஊருக்கெல்லாம் எண்பது என்று காட்டிக்கொண்டு இருந்தவள், போய் வாழப்போகிற வீட்டில் முதல் நாளே தன்னை இப்படிக் குறைத்துச் சொல்லிக்கொண்டாளே என்று அழுது அழுது, பாயசத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.